நின்று கேட்கும் கச்சேரி

நாட்றாம்பாளையத்துத் தம்பி ஒருவர் பெங்களூரில் முதல் கச்சேரிக்குப் போகிறார். நாற்காலி கிடையாது. "ரொம்ப நேரம் நின்னா தலை சுத்துமே அண்ணே?" என்றார்.

அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். மூளைக்குப் போவது குறையும். அணிவகுப்பில் சிப்பாயே மயங்கி விழுவதுண்டு. கெண்டைக்கால் தசை அசைந்தால் ரத்தம் மேலேறும். குதிகாலை அடிக்கடி தூக்கி இறக்குங்கள்.

ஏற்கெனவே தலைசுற்றல் இருந்தால், முன்னதாக டாக்டரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தண்ணீர் குடியுங்கள். மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அதுவும் மருந்துச் சீட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னை ஏ.ஆர். ரகுமான் கச்சேரியில், டிக்கெட் வாங்கியவர்களே நெரிசலால் திரும்பினார்கள். அப்படிக் கூட்டம் நெருக்கினால் எளிதாக வெளியே வர, வெளியேறும் வழியருகே நில்லுங்கள்.

கண் இருட்டினால் கூச்சப்படாமல் உட்காருங்கள். உட்கார்ந்தவருக்கும் பாட்டு கேட்கும்!