வாய் திறவா வகுப்பு
(குமுகாயக் கல்லூரி ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)



அரசு ஏடுகள் 'சமுதாயக் கல்லூரி' என்று எழுதும் குமுகாயக் கல்லூரிகளில் பணியாற்றும் உங்கள்முன், அதே பணியில் பிழைகள் பல செய்தவன் என்னும் ஒரே தகுதியுடன் நிற்கின்றேன். கற்பித்தலில் புதுமை பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். புதுமை என்றவுடன் கணிப்பொறியும் ஒளித்திரையும் நினைவிற்கு வரும். நான் பேசவிருப்பது அவற்றைப் பற்றியன்று. வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் மாணவனைப் பற்றி.

முதற்கண் என் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றேன். பல்லாண்டுகட்கு முன், மாலை வகுப்பொன்றில் மின்பணி கற்பித்து வந்தேன். பகலெல்லாம் பட்டறையில் உழைத்துவிட்டு, கையில் எண்ணெய்க் கறையோடு வந்து கடைசி வரிசையில் அமர்வான் ஓர் இளைஞன். பாடம் முடிந்ததும், "விளங்கிற்றா?" என்பேன். "விளங்கிற்று, ஐயா" என்று வகுப்பே ஒருகுரலில் சொல்லும், அவனும் தலையசைப்பான். மூன்றாம் திங்களில் அவன் வரவு நின்றது. படிப்பில் நாட்டமில்லாதவன் என்று முடிவு கட்டி, அவன் பெயரை அடித்துவிட்டேன்.

அவன் விட்டுச்சென்ற குறிப்பேட்டைப் பின்னொருநாள் புரட்டினேன். கரும்பலகையில் நான் எழுதியவையெல்லாம் ஓரெழுத்தும் விடாமல் படியெடுக்கப்பட்டிருந்தன. ஓரங்களிலோ, முதற்கிழமை தொட்டே வினாக்குறிகள்! 'மின்னழுத்தம்' என்னும் சொல்லின் அருகில் மட்டும் மூன்று. பட்டறையில் 'வோல்டு' என்று அவன் நாள்தோறும் கேட்டதும், வகுப்பில் மின்னழுத்தம் என்று நான் சொன்னதும் ஒன்றே என்பதை நான் ஒருநாளும் இணைத்துச் சொல்லவில்லை. நல்ல தமிழ்ச்சொல்லைத் தந்தேன். அது பற்றிக்கொள்ள ஒரு கொம்பைத் தரவில்லை. நாட்டமில்லாதவன் அவனல்லன், அவன் வினாக்களை நாடாத நானே.

இத்தகையோர்க்காகவே இக்கல்லூரிகள் பிறந்தன என்பதை எண்ணிப்பாருங்கள். அமெரிக்காவில், இலினாய் மாநிலத்துச் சோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு ஆறே மாணவர்களுடன் ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கிற்று. 1947இல், குடியரசுத் தலைவர் துரூமன் அமைத்த உயர்கல்விக் குழு அறிக்கை தந்தபின், 'குமுகாயக் கல்லூரி' என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. உழைத்துக்கொண்டே படிப்போர், பிள்ளை வளர்க்கும் தாய்மார், தம் குடியில் முதன்முதல் கல்லூரி மிதிப்போர் என அனைவர்க்கும் அது கதவு திறந்தது. நம் பக்கத்திலும் 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் அக்கதவு திறந்தது. கதவைத் திறத்தல் எளிது. உள்ளே வந்தவன் பாதியில் வெளியேறாமற் காத்தலே அரிது. இவ்வரிய பணியில் பிறர் பட்டறிந்த மூன்றினை ஈண்டு எடுத்துரைப்பேன்.

முதலாவது, தனிமை பற்றியது. 1970களில், பெர்க்கிலியிலுள்ள கலிப்போர்னியப் பல்கலைக்கழகத்தில், கருப்பின மாணவர் பலர் முதலாண்டு உயர்கணக்கில் தோற்று வந்தனர். ஊக்கமின்மை, பள்ளிப் படிப்பின் குறை, வீட்டார் துணையின்மை, வறுமை என ஆசிரியர்கள் ஆளுக்கொரு கரணியம் கூறினர். யூரி திரெய்சுமன் என்பார் ஊகத்தை விடுத்து, மாணவர் எவ்வாறு படிக்கின்றனர் என்று அவர்தம் இருப்பிடம் வரை சென்று கண்டார். சொல்லப்பட்ட கரணியங்கள் ஒன்றும் பொருந்தவில்லை. சீன மாணவர்கள் கூடியமர்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினர். கருப்பின மாணவர்களோ கடுமையாக உழைத்தனர். ஆனால் தனித்தே உழைத்தனர். தாம் இடறியது எங்கென்று சொல்ல அவர்க்கு ஆளில்லை. திரெய்சுமன் அவர்களைக் குழுவாக்கினார். 'குறைதீர்ப் பாடம்' என்று எளிய கணக்குகளைத் தரவில்லை. கடினமான கணக்குகளையே தந்து, கூடி ஆராயச் செய்தார். தோல்வி பெரிதும் அருகிற்று. மாணவனைத் தாழ எண்ணாமையே அம்முறையின் உயிர்நாடி.

இரண்டாவது, பேச்சு பற்றியது. ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்து இயற்பியற் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் ஒன்றைக் கண்டு திகைத்தார். கடினமான கணக்குகளைப் போட்டுவிடும் மாணவர்கள் எளிய வினாவில் இடறினர். சரக்குந்தும் சிற்றுந்தும் மோதுகின்றன. எது எதன்மீது மிகுந்த விசையைச் செலுத்தும்? இரு விசைகளும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே 'சரக்குந்து' என்றனர். அதன்பின் மசூர் விளக்கத்தைக் குறைத்தார்; வினாவைப் பெருக்கினார். வினாவை இட்டு, ஒவ்வொருவரும் தனியே எண்ணி விடை காட்டச் செய்வார். பின், "அருகிலிருப்பவரிடம் உம் விடையை நிலைநாட்டுக" என்பார். வகுப்பு இரைச்சலாகும். மீண்டும் விடை கேட்பார். சரியான விடைகள் மிகுந்திருக்கும். இதன் கரணியம் எளிது: இப்பொழுதுதான் விளங்கிக்கொண்டவனுக்கு, விளங்காதிருந்த நிலை மறக்கவில்லை, ஆசிரியனுக்கு அது மறந்து பல்லாண்டாயிற்று.

'ஆர்வர்டு மாணவர்க்கு ஒக்கும். நம் மாணவர்க்கு ஒக்குமோ?' என்பீர்கள். கனடாவின் மாண்ட்ரியால் பகுதியிலுள்ள சான் அபட் கல்லூரி ஓர் இரண்டாண்டுக் கல்லூரியே. அங்கும் இம்முறை பயன் தந்தது; வகுப்பை விட்டு நீங்கினோர் தொகையும் குறைந்தது என்று 2008இல் ஆய்வுரை வெளிவந்தது.

மூன்றாவது, காத்திருப்பு பற்றியது. எழுத்துத்திறன் குறைந்தோரை முதலில் அடிப்படை வகுப்பில் நிறுத்தி, அதைக் கடந்தபின்னரே கல்லூரிப் பாடத்திற்கு விடுவது அமெரிக்காவில் பரவலான வழக்கமாக இருந்தது. கடக்குமுன்பே பலர் கல்லூரியை விட்டுக் கடந்துபோயினர். மேரிலாந்து மாநிலத்துப் பால்ட்டிமோர் மாவட்டக் குமுகாயக் கல்லூரி 2007இல் இதனை மாற்றிற்று. அத்தகையோரில் எட்டுப் பேரை நேரே கல்லூரி வகுப்பில் பிறரோடு அமர்த்தி, அதே ஆசிரியரே அவ்வெண்மர்க்கும் துணைவகுப்பு நடத்தினார். வாயிலில் காத்திருந்தோரைக் காட்டிலும் இவர்கள் மிகுதியாகத் தேறினர். நீந்தக் கற்கத் தண்ணீரில் இறங்கத்தானே வேண்டும்?

இவற்றைக் கேட்டதும் எழும் தடைகளை நானும் அறிவேன். 'பாடத்திட்டம் முடியாது' என்பர். அன்று என் பாடத்திட்டம் உரிய நாளில் முடிந்தது. அம்மாணவன் அதில் இல்லை. முடிந்தது யாருக்கு? 'வகுப்பில் கூச்சல் மிகும்' என்பர். பட்டறையில் ஓசையின்றி வேலை நடப்பதுண்டோ? 'கருவியில்லை, பணமில்லை' என்பர். நான் சொல்லப்போவதற்குக் கைப்பிடித் தாளே போதும்.

வகுப்பு முடிய மூன்று மணித்துளி இருக்கையில், ஒவ்வொருவர்க்கும் ஒரு துண்டுத்தாள் கொடுங்கள். இன்று கற்றவற்றுள் இன்றியமையாதது எது, இன்னும் விளங்காதது எது என்னும் இரண்டிற்கும் விடை எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டா. பெர்க்கிலி இயற்பியற் பேராசிரியர் ஒருவர் கையாண்ட இம்முறையைப் பாத்திரிசியா கிராசும் தாமசு ஏஞ்செலோவும் 1988இல் வெளியிட்ட நூல் கல்லூரிகளெங்கும் பரப்பிற்று.

ஒன்றை மறவாதீர்கள்: தாளை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டால் இதுவும் ஒரு சடங்காகிவிடும். மறுநாள் வகுப்பை அத்தாள்களிலிருந்தே தொடங்குங்கள். "உங்களுள் பலர் இதனைக் கேட்டிருக்கின்றீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தன் ஐயம் தனக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்த மாணவன் அடுத்த கிழமை கைதூக்குவான். பட்டறைச் சொல்லில் எழுதினாலும் எள்ளாதீர்கள். அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு உரிய தமிழ்ச்சொல்லுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அவ்விளைஞனின் குறிப்பேட்டைக் கண்ட நாள்முதல் நான் தாள் கொடுத்து வருகின்றேன். முதல்நாள் வந்த தாள்களில் பாதிக்குமேல், மின்னழுத்தம் என்றால் என்னவென்றே கேட்டிருந்தன. "விளங்கிற்று, ஐயா" என்று ஒருகுரலில் சொன்ன வகுப்புத்தான் அதுவும்!

ஆகவே உங்களை வேண்டிக்கொள்வது ஒன்றே. நாளை வகுப்பிற்குச் செல்லும்போது, "விளங்கிற்றா?" என்னும் வினாவை விட்டுவிடுங்கள். "எது விளங்கவில்லை?" என்று கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள். கடைசி வரிசையிலிருந்து விடை வருவதற்குச் சற்று நேரமாகும்.