பழைய காரும் மின்சாரமும்



பெங்களூருக்கும் மின்சாரத்துக்கும் பழைய உறவு உண்டு. காவிரி ஆறு சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. அங்கே மின்சாரம் எடுத்தார்கள். 1902ஆம் ஆண்டு அந்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது. தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக உழைத்த இடம் அது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது.

மோட்டார் தொழிலும் இங்கே வளர்ந்தது. 1951ஆம் ஆண்டு மைகோ கம்பெனி தொடங்கியது. அது ஸ்பார்க் பிளக் செய்தது. 2008ஆம் ஆண்டு அதன் பெயர் பாஷ் என்று மாறியது. ஜே.சி. ரோட்டில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சிவாஜிநகர் குஜரியில் பழைய கார் உறுப்புகள் கிடைக்கும்.

அதனால் பழைய கார்கள் இந்த ஊரில் இன்னும் ஓடுகின்றன. அம்பாசடர் தயாரிப்பு 2014ஆம் ஆண்டு நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி நின்று இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அவற்றை ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கென்று 2021ஆம் ஆண்டு மத்திய அரசு தனிப் பதிவு விதியும் கொண்டுவந்தது.

பழைய காரில் தொல்லை தருவது பெரும்பாலும் என்ன? எஞ்சின் அல்ல, ஒயர்தான். எஞ்சின் இரும்பு. ஒயரின் மேல் இருப்பது ரப்பரும் துணியும் பிளாஸ்டிக்கும். எஞ்சின் சூட்டில் அது காய்ந்து வெடிக்கும். எலியும் கடிக்கும். உள்ளே இருக்கும் செம்பு வெளியே தெரியும். அது காரின் உடம்பில் பட்டால் ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆனால் தீப் பிடிக்கும். ஆகவே இது வெளிச்சம் பற்றிய பேச்சு மட்டும் அல்ல, உயிர் பற்றிய பேச்சு.

மின்சாரம் எப்படிச் சுற்றுகிறது?

வீட்டில் ஒரு விளக்குக்கு இரண்டு ஒயர் வரும். காரில் பெரும்பாலும் ஒரு ஒயர்தான் வரும். இன்னொரு ஒயர் எங்கே? காரின் இரும்பு உடம்புதான் அது. பேட்டரியின் ஒரு முனை அந்த உடம்போடு சேர்ந்திருக்கும். இதை எர்த் என்கிறோம். மின்சாரம் பேட்டரியில் புறப்படும். சுவிட்சுக்குப் போகும். விளக்குக்குப் போகும். உடம்பு வழியாகப் பேட்டரிக்கே திரும்பும். போகும் பாதையும் நன்றாக இருக்க வேண்டும். திரும்பும் பாதையும் நன்றாக இருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்றைய கார்களில் மைனஸ் முனைதான் எர்த். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல இங்கிலாந்துக் கார்களில் பிளஸ் முனை எர்த்தாக இருந்தது. சில பழைய கார்களில் 12 வோல்ட்டுக்குப் பதில் 6 வோல்ட் பேட்டரி இருக்கும். பார்க்காமல் பேட்டரியை மாட்டினால் உள்ளே இருக்கும் கருவிகள் எரிந்துபோகும். பேட்டரி மேல் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

வேலைக்கு முன்னால்

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் ஸ்பானர் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் பழுக்கக் காய்ந்துவிடும். ஸ்பார்க் பிளக் ஒயரில் பல ஆயிரம் வோல்ட் பாயும். எஞ்சின் ஓடும்போது அதைத் தொடக் கூடாது.

பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். அதிலிருந்து வரும் வாயு தீப்பற்றும். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றும்போது எர்த் ஒயரை முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஏன்? எர்த் ஒயரை எடுத்துவிட்டால் ஸ்பானர் உடம்பில் பட்டாலும் ஷார்ட் ஆகாது.

எந்த ஒயரைக் கழற்றினாலும் அதில் ஒரு சீட்டுக் கட்டுங்கள். அது எங்கே இருந்தது என்று சீட்டில் எழுதுங்கள். நினைவை நம்பக் கூடாது. இருபது ஒயரைக் கழற்றிய பிறகு எந்த மெக்கானிக்குக்கும் குழப்பம் வரும். சீட்டு குழப்பாது.

நிறமும் பேசும்

பழைய ஒயர்களின் நிறத்துக்குப் பொருள் உண்டு. இங்கிலாந்து முறையில் செய்த கார்களில் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. அதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். வெள்ளை ஒயரில் சாவி போட்டால்தான் மின்சாரம் வரும். பச்சை ஒயர் சாவியையும் ஃபியூஸையும் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட்டுக்கு. சிவப்பு சின்ன விளக்குகளுக்கு. கறுப்பு எர்த்.

ஆனால் பழைய கார் பல கை மாறி வந்திருக்கும். யாரோ கிடைத்த ஒயரைப் போட்டு ஒட்டியிருப்பார்கள். ஆகவே நிறத்தைப் பார்த்த பிறகு சோதித்தும் பார்க்க வேண்டும்.

டெஸ்ட் பல்பு

சோதிக்கப் பெரிய கருவி தேவை இல்லை. ஒரு 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்தால் போதும். ஒரு முனையைக் காரின் சுத்தமான இரும்பில் வையுங்கள். மறு முனையால் சந்தேகப்படும் இடத்தைத் தொடுங்கள். பல்பு எரிந்தால் அதுவரை மின்சாரம் வருகிறது.

ஹாரன் அடிக்கவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் பேட்டரி முனையைத் தொடுங்கள். எரிகிறதா? அடுத்து ஃபியூஸின் ஒரு பக்கம். எரிகிறதா? பிறகு ஃபியூஸின் மறு பக்கம். இங்கே எரியவில்லை என்றால் ஃபியூஸ் போய்விட்டது, அல்லது அதன் பிடியில் களிம்பு ஏறிவிட்டது. கடைசியாக எரிந்த இடத்துக்கும் முதலில் எரியாத இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் எங்கே நின்றது என்று பார்ப்பது போலத்தான் இது.

பல்பு எல்லா இடத்திலும் எரிகிறது, ஹாரன் மட்டும் அடிக்கவில்லை என்றால்? திரும்பும் பாதையைப் பாருங்கள். சில கார்களில் ஹாரன் பொத்தான் அந்தப் பாதையில்தான் இருக்கும்.

எர்த் கோளாறு

ஒரு ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. மற்றது மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிக்கிறது. இதெல்லாம் எர்த் சரியில்லை என்பதற்கு அடையாளம். துருவும் பெயிண்ட்டும் மின்சாரத்தைத் தடுக்கும். அது வேறு விளக்கு வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கும்.

விளக்கின் இரும்புப் பகுதியிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு ஒரு ஒயர் இழுத்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் எர்த்தில்தான் கோளாறு. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். இது தெரியாமல் புதுப் பல்பும் புதுச் சுவிட்சும் வாங்கிப் பணத்தைத் தொலைத்தவர்கள் பலர்.

இரவில் பேட்டரி இறங்கினால்

காலையில் செல்ஃப் அடிக்கவில்லை. பேட்டரியோ புதியது. எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது. எல்லாச் சுவிட்சையும் அணையுங்கள். கதவுகளை மூடுங்கள். பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் டெஸ்ட் பல்பை வையுங்கள். பல்பு எரிந்தால் ஒழுகுவது உண்மை. பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எந்த ஃபியூஸை எடுத்ததும் பல்பு அணைகிறதோ, அந்தக் கிளையில்தான் ஒழுக்கு.

எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் எரிகிறதா? அப்படியானால் ஃபியூஸ் இல்லாத ஒயர்களைப் பார்க்க வேண்டும். டைனமோ உள்ள காரில் கட்-அவுட் ஒட்டிக் கொண்டாலும் இப்படி ஆகும்.

ஒழுக்கு இல்லாமலும் பேட்டரி இறங்கலாம். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பழைய டைனமோ மிகக் குறைவாகத்தான் சார்ஜ் செய்யும். மழை இரவில் பெங்களூர் சிக்னல்களில் நின்று நின்று போனால் ஹெட்லைட்டும் வைப்பரும் பேட்டரியைக் குடித்துவிடும். இது பழுது அல்ல. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதும் மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால்தான் பழுது. அப்போது முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

ஃபியூஸ் போனால் அதில் சிகரெட் தாளைச் சுற்றுவது பெரிய தவறு. ஃபியூஸ் ஒரு காவல்காரன். ஆபத்து வந்தால் அது எரிந்து ஒயரைக் காப்பாற்றும். காவல்காரனைக் கட்டிப்போட்டால் ஒயர் எரியும்.

பல பழைய கார்களில் இரண்டே ஃபியூஸ்தான் இருக்கும். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே இருக்காது. அதில் அதிக வாட் பல்பு போடலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 45 வாட் பல்பு இரண்டு என்றால் 90 வாட். அதை 12ஆல் வகுத்தால் ஏழரை ஆம்பியர். 100 வாட் பல்பு இரண்டு போட்டால் சுமார் 17 ஆம்பியர். மின்சாரம் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும். பழைய ஒயர் அதைத் தாங்காது. அதிக வெளிச்சம் வேண்டுமானால் புதிய தடித்த ஒயர், ரிலே, ஃபியூஸ் மூன்றும் போட வேண்டும்.

பேட்டரிப் பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைப்பது நல்லது. வண்டியை நிறுத்தியதும் அதை அணைத்துவிடலாம். சின்னச் செலவு, பெரிய காப்பு.

ஓடும்போது ரப்பர் கருகும் வாசனை வந்தால் உடனே ஓரம் கட்டுங்கள். எஞ்சினை அணையுங்கள். எல்லோரையும் இறக்குங்கள். புகை மட்டும் என்றால் எர்த் ஒயரை எடுத்துவிடுங்கள். தீ தெரிந்தால் பானெட்டை முழுதாகத் திறக்காதீர்கள். காற்றுப் புகுந்து தீ வளரும். தண்ணீர் ஊற்றாதீர்கள். தீயணைக்கும் பொடி வண்டியில் இருக்கட்டும். அடங்காவிட்டால் விலகி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கார் போனால் போகட்டும், ஆள் முக்கியம்.

நண்பர்களே! ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வண்டியில் இருக்கட்டும். எந்தத் தேதியில் எந்த ஒயர் மாற்றினார்கள், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட்டார்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். மெக்கானிக்குக்கு வேலை சுலபம். உங்களுக்கும் செலவு குறையும்.