சுழி அறிந்தவர்கள்

மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் வலங்கைமான் குடமுருட்டி ஆற்றிலும் தண்ணீர் புரண்டு ஓடும். ஆற்றில் யாராவது சிக்கினால் தீயணைப்பு, மீட்புப் பணி வீரர்கள் கயிறும் மிதவையுமாக ஓடி வருவார்கள். எந்த மதகடியில் சுழி, எங்கே மடு என்பதோ, அன்றாடம் அங்கே தூண்டில் போடுபவருக்குத்தான் அத்துபடி. இரண்டு பேரும் கைகோத்தால் உயிர் தப்பும்.

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் அதுதான் நடந்தது. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். மலப்புரத்தில் பேரிடர் மீட்புப் படையின் ரப்பர் படகில் பெண்களால் ஏற முடியவில்லை. கூட வந்த மீனவர் ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டார். அவர் முதுகில் கால்வைத்து ஏறினார்கள்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி வெள்ளத்திலும் மீனவர் படகுகள் கைகொடுத்தன.

ஐப்பசி மழைக்கு முன்பே, ஆற்றோரத் தூண்டில்காரர்களின் கைபேசி எண்கள் தீயணைப்பு நிலையத்தில் இருக்கட்டும்.