தூத்துக்குடி: துறையும் தொழிலும்



தாம்பரம் இரயில் நிலையத்தில் நாள்தோறும் இரவு வேளையில் ஒரு விரைவு வண்டி நின்று தென்திசை நோக்கிப் புறப்படுகிறது. 'முத்துநகர்' என்பது அதன் பெயர். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் குடியேறி வாழும் தென்மாவட்டத்தார் பலர் அதில் ஏறித் தம் ஊர் சென்று மீள்கின்றனர். அவ்வண்டி சென்று சேரும் ஊர் தூத்துக்குடி. ஆனால், முத்துநகர் என்று பெயர் பெற்ற அவ்வூர்க் கடலில் 1961-ஆம் ஆண்டுக்குப் பின்னர் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. தொழில் மறைந்தது, பெயர் நின்றது. ஒரு நகரத்தில் தொழில்கள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றின் பயன் யாரைச் சேர்கிறது, அவை மறையும்போது எவற்றை விட்டுச் செல்கின்றன என்று அறிய விரும்புவோர்க்குத் தூத்துக்குடி நல்லதொரு பாடநூல். அப்பாடநூலின் சில ஏடுகளை இன்று உங்களோடு சேர்ந்து புரட்ட விரும்புகிறேன்.

தூத்துக்குடிக்கு முன்னோடி கொற்கை. தாமிரவருணி கடலொடு கலக்கும் இடத்தில் பாண்டியரின் துறையாக அது விளங்கியது. கிரேக்க நாட்டார் எழுதிவைத்த கடற்பயணக் குறிப்புகளிலும் அதன் பெயர் காணப்படுகிறது. ஆறு ஆண்டுதோறும் வண்டலைக் கொணர்ந்து குவித்தது. கடல் பின்வாங்கிற்று. துறை தூர்ந்தது. கொற்கை இன்று கடலினின்று சில கல் தொலைவு உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. அதற்குப் பின் காயல் தலையெடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அத்துறையின் செல்வத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். காயலும் தூர்ந்த பின்னரே தூத்துக்குடி முன்னணிக்கு வந்தது. துறைகளுக்கும் ஆயுள் உண்டு என்பது இக்கரையின் முதற்பாடம்.

இக்கரைக்குப் புகழ் தேடித் தந்தது முத்து. கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். குளிப்பவர் ஒரு கல்லைக் காலிற் கோத்துக்கொண்டு ஏழெட்டுப் பாகம் ஆழத்திற்கு இறங்குவார். மூச்சு அடங்கியிருக்கும் அந்தச் சிறு பொழுதிற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் கயிற்றை இழுத்து அவரை மேலே கொணர்வார். கீழே இருப்பவரின் உயிர் மேலே இருப்பவரின் கையில் இருந்தது. கரைக்கு வந்த சிப்பிகளில் பெரும்பங்கு ஆட்சியாளரைச் சேர்ந்தது. சிறுபங்கே குளித்தவருக்குக் கிட்டிற்று. அரசுகள் மாறினவேயன்றி, இந்தப் பங்கீட்டின் போக்கு பெரிதும் மாறவில்லை.

அரசுகளோ பல மாறின. அரபு வணிகரோடு நேர்ந்த பூசலில் காப்புத் தேடிய பரதவர், 1530-களில் போர்ச்சுகீசியரை நாடிக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542-இல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த என்றீக்கே என்றீக்கசு அடிகளார் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் பயின்று இயற்றிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழி எழுத்துகள் இந்திய மண்ணில் முதன்முதலாக அச்சேறிய நூல் அது. தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றில் இந்த முத்துக்குளிக்கும் கரைக்கு இடம் உண்டு என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். 1658-இல் ஒல்லாந்தர் ஊரைக் கைப்பற்றினர். 1825-இல் அது முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடியின் முகம் மாறத் தொடங்கியது. 1876-இல் இருப்புப்பாதை வந்தது. கரிசல் நிலத்துப் பஞ்சு மூட்டைகள் துறையில் வந்து குவிந்தன. நூற்பாலை எழுந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் இத்துறை வழியே கொழும்புக்குக் கப்பலேறினர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி ஏற்படும் வரையில், சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் தூத்துக்குடியில்தான் இரயிலிலிருந்து இறங்கிக் கப்பலேற வேண்டும். இத்தனை போக்குவரத்தின் ஆதாயமும் அயலாரின் கப்பற் கம்பெனிக்கே சென்றது.

இந்நிலையில் எழுந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த அவ்வழக்கறிஞர், 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். இறுதியில் பயணிகளை இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தனர் என்பர். அந்த ஏழை நாட்டில் இலவசத்தைத் துறந்து, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய மக்களும் இருந்தனர்.

வ. உ. சி. கப்பலோடு நின்றுவிடவில்லை என்பதையே நான் இங்கு வற்புறுத்த விரும்புகிறேன். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள், கோரல் நூற்பாலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். அவரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். ஒன்பது நாளில் ஆலையார் இணங்கினர். சில நாட்களில், மார்ச் 12-ஆம் நாள், வ. உ. சி. கைது செய்யப்பட்டார். திருநெல்வேலி கொந்தளித்தது. கடுந்தண்டனை பெற்றுச் சிறைசென்ற அவர் கோயமுத்தூரில் செக்கிழுத்தார். 1912-இல் விடுதலையாகி வெளிவந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. கப்பல் நம்முடையதாக இருந்தால் போதாது. ஆலையில் உழைப்பவனும் மனிதனாக நடத்தப்படவேண்டும் என்று அவர் எண்ணினார். உடைமையையும் உழைப்பையும் ஒரே நூலிற் கோத்துப் பார்த்த அந்தப் பார்வையே அவர் தூத்துக்குடிக்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வம்.

இனிச் சுதந்திர இந்தியாவின் தூத்துக்குடியைக் காண்போம். பழைய துறை ஆழமற்றது. கப்பல்கள் கரையினின்று ஐந்து கல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். தோணிகள் சரக்கை ஏற்றிச் சென்று இறக்கும். இக்குறையைப் போக்க, ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டப்பட்டன. 1974-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் புதிய துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அது வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. எந்தக் கப்பற் கனவுக்காக அவர் செக்கிழுத்தாரோ, அந்தக் கடல்வாயிலில் அவர் பெயர்!

துறைமுகத்தைத் தொடர்ந்து உரத் தொழிற்சாலையும், கனநீர் ஆலையும், அனல்மின் நிலையமும் வந்தன. மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் இயங்கத் தொடங்கியது. அலகு ஒன்றுக்கு 210 மெகாவாட்டாக ஐந்து அலகுகள் அங்கே அமைந்தன. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று, 2008-இல் மாநகராட்சியாயிற்று. 2025 ஆகஸ்டில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

இவற்றிடையே பழந்தொழில் ஒன்று இன்றும் உயிரோடு உளது. அதுவே உப்பு. இந்திய நாட்டின் உப்பு விளைச்சலில் குஜராத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஊர் தூத்துக்குடி. நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களை ஒருமுறை அங்கே கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றேன். காலை எட்டு மணிக்கே வெண்மையின் கூச்சம் கண்ணைத் தாக்கியது. பாத்திகளில் நின்று, நீண்ட பிடியுள்ள பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் பாதங்களில் வெடிப்புகளைக் கண்ட ஒரு சிறுவன், "பாட்டி, எரியாதா?" என்று கேட்டான். "எரிஞ்சாத்தான் உப்பு, ராசா" என்றார் அவர். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. அம்மழைக் காலத்திற்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு இப்போது ஆண்டுதோறும் ஐயாயிரம் ரூபாய் உதவித்தொகை வழங்கி வருகிறது. நம் சோற்றில் இடும் ஒவ்வொரு சிட்டிகையிலும் இத்தகைய கால்களின் உழைப்பு கலந்துள்ளது.

தொழில் பெருகியபோது அதற்குக் கொடுத்த விலையும் பெருகிற்று. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் கடலடிப் பவளப் பாறைகள் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. அலையின் வேகத்தைத் தணித்த அரண் குறைந்தது. தூத்துக்குடிக்கு அருகில் இருந்த விலாங்குச்சல்லி என்னும் சிறு தீவு இன்று நீருக்கு அடியில் உளது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. வான் தீவு கரைந்துபோகாமல் காக்கச் செயற்கைப் பாறைகள் கடலடியில் நிறுத்தப்பட்டுள்ளன. வெட்டியெடுத்த கைகளே மீண்டும் கட்டவேண்டியிருக்கிறது.

மனிதருக்கு நேர்ந்ததும் உண்டு. 1990-களில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை நாட்டின் தாமிரத் தேவையில் கணிசமான பங்கை அளித்தது. பலருக்கு வேலையும் தந்தது. அதன் புகையாலும் கழிவாலும் நீரும் காற்றும் கெடுகின்றன என்று மக்கள் நெடுநாள் முறையிட்டனர். 2013-இல் உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழல் கேட்டிற்காக நூறு கோடி ரூபாய் செலுத்துமாறு பணித்தது. 2018 மே 22-ஆம் நாள், போராட்டத்தின் நூறாவது நாளில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீது காவல்துறை சுட்டது. அத்துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அவ்வாரத்தை அடுத்து, மே 28-இல் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஆலையாரின் மேல்முறையீட்டைத் தள்ளிற்று. ஆலை மூடியதால் வேலை இழந்தவர்களும் அவ்வூர் மக்களே. உயிர் இழந்தவர்களும் அவ்வூர் மக்களே. முறையீட்டைக் காலத்தே செவிமடுத்திருந்தால் இரண்டு இழப்பையும் தவிர்த்திருக்கக் கூடுமன்றோ?

இத்தகைய துன்பம் தூத்துக்குடிக்கு மட்டும் உரியதன்று. துருக்கி நாட்டில் மர்மரா கடலின் கரையில் இஸ்மித் என்றொரு நகரம் உளது. பண்டு நிக்கோமீடியா என்னும் பெயரோடு உரோமப் பேரரசர் தயோக்ளீசியனின் தலைநகராக விளங்கிய ஊர் அது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் பல தொழிற்சாலைகளும் நிறைந்தது. 1999 ஆகஸ்ட் 17-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அவ்வட்டாரத்தில் பதினேழாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். எண்ணெய் ஆலை பல நாள் எரிந்தது. பழம்பெருமையும் புதுத்தொழிலும் ஒரு நகரத்தைத் தாமாகக் காத்துவிடுவதில்லை. நிலத்தின் இயல்பை அறிந்து கட்டியவையே நிலைக்கும்.

2023 டிசம்பரில் பெருமழை பெய்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியதைக் கண்ட நமக்கு அத்துயர் புதிதன்று. ஏரியையும் கால்வாயையும் சதுப்பையும் மறந்து ஊர் வளர்ந்தால் என்ன நேரும் என்பதை, பள்ளிக்கரணையின் அண்டையில் வாழும் நாம் நன்கு அறிவோம்.

எனவே நேயர்களே, புதிய ஆலைகள் வரட்டும். நம் இளைஞர்க்கு வேலை வேண்டும். எனினும், ஒவ்வோர் ஆலையின் வாயிலிலும் மூன்று கேள்விகளை நாம் கேட்டுப் பழகவேண்டும். இதன் ஆதாயத்தில் இவ்வூராருக்குப் பங்கு என்ன? இங்கு உழைப்பவர் எவ்வாறு நடத்தப்படுகிறார்? கடலும் நிலமும் நீரும் இதனைத் தாங்குமா? முதலிரண்டு கேள்விகளை வ. உ. சி. 1908-லேயே கேட்டுவிட்டார். மூன்றாவது நம் காலத்தின் கேள்வி. பள்ளிப் பிள்ளைகள் இம்மூன்றையும் அச்சமின்றிக் கேட்கவும், பெரியவர்கள் பொறுமையோடு விடை கூறவும் பழகினால், தூத்துக்குடியின் அடுத்த ஏடு நல்லதாகவே எழுதப்படும்.