கணினியில் ஒரு கடிதம்



இந்த ஆண்டு கல்லூரிப் படியில் முதன்முதலாகக் கால் வைத்திருக்கும் மாணவ மாணவியரையும், அவர்களைப் பேருந்தேற்றி அனுப்பிவிட்டு வீட்டில் வானொலியில் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரையும் மனத்தில் கொண்டு இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். கணினியில் பழக்கமில்லாதவர்கள் அதை எங்கிருந்து கற்கத் தொடங்குவது என்பதே விஷயம். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் யந்திரத்தின் அங்கங்களைப் பெயர் சொல்லி அடுக்குவதில் தொடங்கி, பத்துப் பக்கங்களுக்குள் படிக்கிறவனைச் சோர்வடையச் செய்துவிடுகின்றன. பல ஆண்டுகள் முதலாண்டு வகுப்புகளில் இந்த ஆரம்பப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் வேறு. தாய்மொழியில் ஒரே ஒரு கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து, அதற்கு ஒரு பெயரிட்டுப் பத்திரப்படுத்தி, விலாசம் பிழையாமல் உரியவருக்கு அனுப்பி, அவர் எழுதும் பதிலையும் பெற்றுவிட்ட மாணவன், கணினியின் அடிப்படைக் கல்வியில் முக்கால் பங்கைக் கடந்துவிட்டான் என்பது என் துணிபு.

கைபேசி நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. இரண்டு கட்டைவிரல்களால் அவர்கள் அதில் எழுதும் வேகத்தைப் பார்த்து நான் வியந்ததுண்டு. ஆனால் அதே பிள்ளைகள் கணினிக்கூடத்தில் ஒரு பெரிய திரைக்கு முன்னால் அமர்ந்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாதிருப்பதையும் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். "ஏதாவது அமுக்கி ரிப்பேராயிட்டா என்ன பண்றதுங்க ஐயா?" என்றாள். அந்தப் பெண்ணின் அச்சம் நியாயமானது. விலையுயர்ந்த பொருளைப் பழுதாக்கிவிட்டால் யார் பணம் கட்டுவது என்ற கவலையோடு வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவள் அவள். ஆகவே முதல் நாள் முதல் பாடமாக நான் சொல்வது இதுதான்: எழுத்து விசைகளை எப்படி அழுத்தினாலும் யந்திரம் கெட்டுப்போகாது, தவறாக எதையேனும் செய்துவிட்டால் கண்ட்ரோல் என்ற விசையை அழுத்திக்கொண்டு இசட் என்ற எழுத்தைத் தட்டுங்கள், செய்தது நீங்கிப் பழைய நிலை திரும்பிவிடும். காகிதத்தில் மைகொட்டி எழுதிய நாங்கள் அனுபவித்திராத சலுகை இது. இதைச் சொல்லி, இரண்டு முறை செய்தும் காட்டியபின் மடியிலிருந்த கைகள் தாமாகவே மேலே வந்துவிடும்.

அந்தக் கைகள் எங்கே அமர வேண்டும் என்பது அடுத்த விஷயம். விசைப்பலகையில் எஃப், ஜே என்ற இரு எழுத்துகளின் மீது மட்டும் சிறிய மேடு ஒன்று இருக்கும். கண்ணால் பாராமலே சுட்டுவிரல்கள் தம் வீட்டைக் கண்டுகொள்வதற்காக ஏற்பட்ட அடையாளம் அது. நம் ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயரும் ஹையரும் பாஸ் செய்த தலைமுறையினர், "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்" என்று மாதக்கணக்கில் அப்பியாசம் செய்தது இந்த இருப்பிடத்திலிருந்துதான். அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் வகுத்து 1874-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த தட்டச்சு யந்திரத்தின் எழுத்து வரிசையே சிறு மாறுதல்களோடு இன்றுவரை ஆங்கில விசைப்பலகையாக நிலைத்திருக்கிறது.

தமிழுக்கு வந்தால் கதை இன்னும் சுவையானது. 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குவது எப்படி என்ற பிரச்சினையை எதிர்கொண்டு முதலில் விடை கண்டவர்களில் தலையாயவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று உழைத்த ஆர். முத்தையா. புள்ளி போன்ற குறிகளைத் தட்டும்போது மட்டும் காகிதம் நகராமல் நின்று, அடுத்து வரும் எழுத்து அந்தக் குறியோடு ஒரே இடத்தில் பொருந்தும்படியான அமைப்பு தமிழ்த் தட்டச்சுக்கு உயிர்நாடியாயிற்று. பின்னர்க் கணினி வந்தபோது, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ் 99 என்ற விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு அங்கீகரித்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமுமாக அமைந்த இந்த விசைப்பலகையில், உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் இலக்கணம், இரண்டு கைகளும் மாறி மாறித் தட்டும் தாளமாகவே ஆகிவிடுகிறது. "அம்மா" என்று எழுத வேண்டுமா? அகரம், மகரம், மீண்டும் மகரம், ஆகாரம் என நான்கே தட்டுகள். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளியை யந்திரமே வைத்துக்கொள்கிறது.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளால் தட்டி, அதைக் கணினி தமிழாக மாற்றித் தரும் வழியையே நம் மாணவர்களில் பலர் பழகியிருக்கிறார்கள். அவசரத்திற்கு அது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. எனினும், லகரமா ளகரமா ழகரமா, நகரமா னகரமா ணகரமா என்று விரல் தீர்மானிக்க வேண்டிய இடத்தில், யந்திரம் காட்டும் பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளும் வழக்கம் நாளடைவில் எழுத்தறிவையே தளர்த்திவிடுகிறது என்பதை விடைத்தாள்களில் கண்டு வருந்தியவன் நான். தமிழ் 99 இன்றைய விண்டோஸ் கணினிகளில் உள்ளேயே அமைந்து வருகிறது. அமைப்புப் பகுதியில் அதைச் சேர்த்துக்கொண்டு நாள்தோறும் அரைமணி நேரம் பழகிய என் மாணவர்கள், இரண்டு வாரங்களில் பலகையைப் பாராமல் எழுதினார்கள்.

அவ்வாறு எழுதும்போது ஆரம்ப மாணவரைத் திகைக்க வைக்கும் ஒன்றுண்டு. "கோ" என்ற எழுத்தை அழிக்க நினைத்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினால், எழுத்து முழுதும் போகாமல் "க" மட்டும் நிற்கும். கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவதைக் கணினி ககரம் ஒன்று, ஓகாரக்குறி ஒன்று என இரண்டாகச் சேமித்து வைத்திருப்பதே காரணம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு என்ற முறை 1991-ல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த முறை எங்கும் பரவுவதற்கு முன்பு, சிங்கப்பூரிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய மின்கடிதம் என் திரையில் வெறும் கோடுகளும் குறிகளுமாக வந்து நின்றது. அவர் உபயோகித்த அதே எழுத்துருவை நானும் தேடிப்பிடித்து நிறுவிய பிறகே, அவர் வீட்டில் குழந்தை பிறந்த செய்தியைப் படிக்க முடிந்தது. அந்த நிலை மாறுவதற்குச் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோரும், பெயர் வெளியே தெரியாத தன்னார்வலர் பலரும் செலவிட்ட உழைப்பு, நம் மாணவர்கள் அறிந்து நன்றியோடு நினைக்க வேண்டிய வரலாறு.

கடிதத்தை எழுதியாயிற்று; அது எங்கே இருக்கிறது? கைபேசியோடு வளர்ந்தவர்கள் தடுமாறும் இடம் இதுவே என்பதால் இங்கே சற்று நின்று பேச வேண்டும். கட்டுரையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால், "வாட்ஸ்அப்புல இருக்குங்க ஐயா" என்று பதில் வரும். யாருக்கு அனுப்பினோம் என்பது நினைவிருக்கிறது. பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்ற எண்ணமே எழுவதில்லை. நம் வீடுகளில் பத்திரங்களும் பட்டாவும் ரேஷன் அட்டையும் ஒரு டிரங்குப் பெட்டியில், அதற்குள் தனித்தனி உறைகளில் இருக்கும். இருட்டில் கேட்டாலும் அம்மா எடுத்துக் கொடுத்துவிடுவாள். கணினியில் ஃபோல்டர் என்பது அந்த உறை. ஃபைல் என்பது அதற்குள் இருக்கும் தாள். படிப்புக்கு ஓர் உறை, அதற்குள் ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் உறை, சான்றிதழ்களுக்குத் தனியாக ஓர் உறை என்று முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். தாளுக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்களை முன்னால் வைத்து, பிறகு விஷயத்தை எழுதினால், கோப்புகள் கால வரிசைப்படி தாமே நின்றுகொள்ளும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மூன்று பக்கங்கள் எழுதி முடிக்கும் தறுவாயில் மின்வெட்டு வந்து, எழுதியதெல்லாம் மறைந்துபோன ஒரு மாலைப்பொழுது என் வாழ்விலும் உண்டு. அன்று முதல் ஒவ்வொரு பத்தி முடிவிலும் கண்ட்ரோலையும் எஸ் என்ற எழுத்தையும் சேர்த்துத் தட்டிச் சேமிப்பது என் விரல்களுக்கு வழக்கமாகிவிட்டது.

இனி விலாசம். மின்னஞ்சல் விலாசத்தின் நடுவே வரும் சுழித்த அகரம் போன்ற குறியை நாம் "அட் த ரேட்" என்று சொல்கிறோம். ஒரு பொருள் இன்ன விலைவீதம் என்று கடைக்கணக்கில் எழுதப் பயன்பட்ட குறி அது. 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினியில் உள்ளவருக்குச் செய்தி அனுப்பும் முறையை அமைத்தபோது, மனிதர் பெயர்களில் வராத குறியாக இருப்பதைக் கண்டு, ஆளின் பெயரையும் அவர் இருக்கும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு அதைத் தேர்ந்தெடுத்தார். விலாசத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கடிதம் போய்ச் சேராது. அல்லது முகமறியாத வேறொருவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். மாணவர்கள் தமக்கென விலாசம் ஏற்படுத்திக்கொள்ளும்போது சொந்தப் பெயரையே அதில் வைத்துக்கொள்வது நல்லது. விருப்பமான நடிகரின் பட்டப்பெயரில் அமைத்த விலாசத்தோடு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பிற்பாடு சங்கடப்பட்டவர்களை நான் அறிவேன்.

கடிதத்தின் மரியாதையைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிக்க எனக்கு மனம் வராது. "சார் மார்க் ஷீட் வேணும்" என்று பெயரும் இல்லாமல், வகுப்பும் இல்லாமல், இரவு பதினொரு மணிக்கு வந்து விழும் செய்திகளை ஆசிரியர்கள் யாவரும் அறிவார்கள். எழுதிய பிள்ளையிடம் அவமரியாதை எண்ணம் சிறிதும் இல்லை. கடிதம் எழுதும் சம்பிரதாயத்தை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவே. அஞ்சலட்டையின் தலைப்பில் ஊரும் தேதியும் இட்டு, நலம் விசாரித்து, விஷயத்தைச் சொல்லி, இப்படிக்கு என்று கையெழுத்திட்ட நம் பாட்டனார்களின் ஒழுங்கு மின்னஞ்சலுக்கும் அப்படியே பொருந்தும். பொருள் என்ற கட்டத்தில் "மதிப்பெண் பட்டியல் வேண்டுதல்" என்று எழுதுங்கள். கீழே, "மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் வரலாற்றுத் துறையில் முதலாண்டு பயிலும் மாணவன். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துடன் இணைப்பதற்காக என் முதல் பருவ மதிப்பெண் பட்டியலின் நகல் தேவைப்படுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்" என்று எழுதி, பெயரும் வரிசை எண்ணும் குறிப்பிட்டால், படிக்கிறவர் மறுகேள்வி கேட்காமல் காரியத்தை முடித்துக் கொடுப்பார். சிசி என்று ஒரு கட்டம் இருக்கும். தட்டச்சு நாளில் இரண்டு காகிதங்களுக்கு நடுவே கார்பன் தாள் வைத்துப் படி எடுத்த பழக்கத்தின் எச்சம் அது. விஷயத்தை அறிந்திருக்க வேண்டிய மற்றவருடைய விலாசத்தை அங்கே இடுவார்கள். நாற்பது பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பும்போது, ஒருவர் விலாசம் மற்றவருக்குத் தெரியாதபடி பிசிசி என்ற கட்டத்தில் இடுவதே பண்பு. இணைப்பு உண்டு என்று கடிதத்தில் எழுதிவிட்டு இணைக்க மறப்பது எல்லோருக்கும் நேரும் பிழையாதலால், முதலில் கோப்பை இணைத்துவிட்டு, பிறகு கடிதத்தை எழுதி, விலாசத்தைக் கடைசியாக இடும் பழக்கத்தையே நான் என் மாணவர்களுக்குக் கற்பித்தேன்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவையும் உண்டு. பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ பிரின்ட் எடுக்கச் செல்லும் மாணவர்கள், தம் மின்னஞ்சலை மூடாமலே எழுந்து வந்துவிடுகிறார்கள். ஆதார் அட்டையின் படமும் சான்றிதழ்களும் அந்தக் கடைக் கணினியிலேயே தங்கிவிடுகின்றன. எழுவதற்கு முன்பு கணக்கிலிருந்து வெளியேறி, இறக்கிய கோப்புகளை நீக்கிவிட்டு வாருங்கள். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். பிறந்த தேதியாக இருக்க வேண்டாம். உதவித்தொகை வந்திருக்கிறது, உடனே இந்த இணைப்பைத் தொடு என்று அவசரப்படுத்தும் செய்தி எவ்வளவு உத்தியோகபூர்வமாகத் தோன்றினாலும் நம்பாமல் கல்லூரி அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணை வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவருக்கும் சொல்லலாகாது. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், நாடு முழுவதற்கும் உரிய 1930 என்ற தொலைபேசி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்கும்.

என் வகுப்பில் முதல் கடிதத்தை வீட்டுக்கு எழுதச் சொல்வேன். வீட்டில் யாருக்கும் மின்னஞ்சல் இல்லை என்று தயங்குகிறவர்கள் அதை எனக்கு அனுப்புவார்கள். நான் அச்செடுத்துக் கொடுக்க, வார இறுதியில் ஊருக்கு எடுத்துச் சென்று படித்துக் காட்டுவார்கள். ரிப்பேராகிவிடும் என்று அஞ்சிய அந்த மாணவி தன் தாய்க்கு எழுதிய பதினோரு வரிகளில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. இந்த உரையைக் கேட்கும் மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரியின் கணினிக்கூடம் எந்த நேரத்தில் திறந்திருக்கிறது என்பதை நாளைக் காலையே விசாரியுங்கள். இந்த வாரம் முடிவதற்குள் அங்கே அமர்ந்து, வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.