கரண்டி அட்டையில் ஓர் எண்



என் கையில் இருப்பதைப் பாருங்கள். இரண்டு கரண்டிகள். இரண்டும் கறுப்பு. ஒன்று சிலிக்கான். மற்றொன்று நைலான். நைலான் கரண்டியின் நுனி உருகிக் கோணிப் போயிருக்கிறது.

இது என் அம்மா வாங்கிய கரண்டி. சிக்பேட்டைப் பக்கம் போனபோது வாங்கினார். "சிலிக்கான்தான் அம்மா, எவ்வளவு சூடும் தாங்கும்" என்றார் கடைக்காரர். அம்மா நம்பினார். ஒரு நாள் தாளிக்கும்போது கரண்டியை வாணலியிலேயே விட்டுவிட்டு, கதவைத் திறக்கப் போனார். திரும்பி வந்தால் ஒரே நாற்றம். எண்ணெய் முழுவதையும் கொட்டினோம்.

பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தேன். நைலான் என்றுதான் போட்டிருந்தது. 200 என்ற எண்ணும் இருந்தது. அம்மாவுக்கு அன்று படிக்கத் தெரியாது. இன்று அவர் இதே வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

நம் பெங்களூரில் கடைப் பலகை கன்னடத்தில் இருக்கும். அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். நாம் படிப்பதோ தமிழ். ஆனால் எண் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அந்த எண்ணைத் தேடுங்கள். எண்ணின் தலைக்கு அருகே ஒரு சிறு வட்டமும், பக்கத்தில் பிறை போன்ற ஓர் எழுத்தும் இருக்கும். அது சூட்டின் அளவு.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. பூரி பொரிக்கும் எண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரி. எண்ணெய் புகைந்தால் 200 டிகிரியையும் தாண்டிவிடும். ஆகவே 220, 230 என்று போட்ட கரண்டியாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணே இல்லையா? வாங்காதீர்கள்.

கரண்டியின் ஓரத்தை வளைத்துப் பாருங்கள். சிலிக்கான் ரப்பர் போல வளைந்து நிமிரும். நைலான் விறைப்பாக இருக்கும். தலையும் பிடியும் ஒன்றாகச் சேர்ந்த கரண்டி நல்லது. தலை கழன்று வந்தால் இடுக்கில் தண்ணீரும் அழுக்கும் தங்கும். ரசீது கேட்டு வாங்குங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தமிழிலும் பேசலாம்.

எல்லா வீட்டுக்கும் இந்தக் கரண்டி வேண்டுமா? வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்துக்கு எவர்சில்வர் கரண்டியே போதும். நான்ஸ்டிக் தவா இருந்தால் சிலிக்கான் உதவும். தவாவின் பூச்சைக் கீறாது. ராகிக் களி கிண்ட இது ஆகாது, வளைந்துவிடும். அதற்கு மரத்துடுப்புதான்.

வாங்கிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

நெருப்பில் நேராகப் படவிடாதீர்கள். அடுப்பில் இருக்கும் பாத்திரத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கத்தியும் கம்பி நாரும் படக்கூடாது. சிறு கீறல்தான் பிறகு கிழிசல் ஆகும்.

எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டால் வெந்நீரில் சோப்புப் போட்டுச் சிறிது நேரம் ஊறவையுங்கள். மெல்லிய பஞ்சால் தேயுங்கள். மஞ்சள் கறை பிடித்தால் கழுவி வெயிலில் வையுங்கள். வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும். நன்றாகக் காய்ந்தபின் ஆணியில் மாட்டுங்கள்.

ஓரம் கிழிந்தாலோ, துண்டு துண்டாகப் பெயர்ந்தாலோ, தூக்கிப் போட்டுவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று வைத்திருக்காதீர்கள். பெயர்ந்த துண்டு நம் பிள்ளைகளின் தட்டில்தான் விழும்.

போன வாரம் அம்மா கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். நான் வாய் திறக்கவில்லை. அம்மா அட்டையைத் திருப்பினார். விரலை வைத்து, "இரு நூற்று முப்பது" என்று படித்தார். பிறகுதான் பணத்தை எடுத்தார். அந்தக் கரண்டிதான் இது.

அடுத்த வகுப்புக்கு வரும்போது, உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஓர் அட்டையில் இருக்கும் எண்களை எழுதிக்கொண்டு வாருங்கள். ஒவ்வோர் எண்ணும் என்ன சொல்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.