பூனைக்கு வயிறு சரியில்லையா?

வீட்டுப் பூனைக்கு வயிறு கெட்டால் முதலில் என்ன செய்கிறோம்? "பாவம், வயிறு காய்ந்து கிடக்கிறதே" என்று ஒரு கிண்ணம் பால் வைக்கிறோம். பல வீடுகளில் கழிச்சலைக் கிளப்பிவிட்டதே அந்தப் பால்தான். வளர்ந்த பூனைகள் பெரும்பாலானவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. அது குடலில் தங்கிப் புளித்து, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். பாலை நிறுத்துங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

வளர்ந்த பூனை, வழக்கம்போல் ஓடியாடுகிறது, கழிச்சல் மட்டும்தான் என்றால் ஒரு நாள் வீட்டிலேயே பார்க்கலாம். தோலும் எலும்பும் நீக்கிய கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுங்கள். உப்பு வேண்டாம். குழம்புத் துண்டைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். அதில் ஊறிய வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். 'லங்கணம் பரம ஔஷதம்' என்று பட்டினியும் போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் கொழுத்த பூனைக்கு, உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும். நம் மருந்துப் பெட்டிப் பக்கமும் போக வேண்டாம். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரை வாங்கப் போதும்.

இன்னொன்றுதான் எனக்குப் பெரிய கவலை. கடுவன் பூனை மண் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடுவோம். பொறுங்கள். அடைத்திருப்பது சிறுநீராக இருக்கலாம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் ஒடுக்கம். படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்தும். ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். தட்டில் ஈரம் இல்லையென்றால், இரவானாலும் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அங்கே போய் வெறும் மலச்சிக்கல்தான் என்று தெரிந்தால் அலைச்சல்தானே, போகட்டும். அதற்கும் வாயில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். திமிறும்போது நுரையீரலில் இறங்கிவிடும். வேகவைத்த பரங்கிக்காயை மசித்து, சின்னக் கரண்டி அளவு சாப்பாட்டில் பிசைந்து வைக்கலாம்.

பூக் கட்டும் நூல் பூனைக்கு விளையாட்டுச் சாமான். ஆனால் அதன் நாக்கு முட்களெல்லாம் உள்நோக்கி வளைந்தவை. வாயில் சிக்கிய நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். பின்பக்கம் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும்.

திரும்பத் திரும்ப வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல், பிடரித் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்பது: இவற்றுக்கெல்லாம் மருத்துவமனைதான். தடுப்பூசி போடாத குட்டி என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். போகும்போது மலத்தில் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப் போங்கள். அதில் அரிசிமணி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது அது. புழு மருந்தோடு தெள்ளையும் ஒழித்தால்தான் போகும்.